ஆன்ஜ் போயாச்சு. பொச்செட்டினோவைத் திரும்பக் கூப்பிடலாமா?

வெள்ளை அல்லி | 8 ஜூன் 2025

வெள்ளிக்கிழமை நம்ம டாட்டன்ஹாம் (ஸ்பர்ஸ்) கோச் ஆன்ஜ் போஸ்டெகோக்லுவை அனுப்பிட்டாங்க. மே 21 பில்பாவோவில மேன் யுனைடெட்டை 1-0ன்னு சாய்ச்சு யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினவர். ஆனா பிரீமியர் லீக்ல 38 ஆட்டத்துல 22 தோல்வி, 38 பாயின்ட், 17ஆவது இடம். அனுப்பினது சரியா தப்பாங்கிற சண்டைக்குத் தனி இழை ஓடிட்டிருக்கு, அதை இங்க இழுக்காதீங்க.

அடுத்து யாருன்னா, பாதிப் பேர் மவுரீசியோ பொச்செட்டினோ பேரைத்தான் சொல்றாங்க. 2014ல வந்து, லீக்ல வரிசையா 5, 3, 2, 3, 4ஆவது இடம் வாங்கிக் கொடுத்தவர். 2016-17ல 86 பாயின்ட். அந்த சீசன் பழைய ஒயிட் ஹார்ட் லேன்ல 19 லீக் ஆட்டத்துல 17 வெற்றி, 2 டிரா, தோல்வியே இல்ல. 2019ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். அதே வருஷம் நவம்பர் 19 அன்னைக்கு, டேபிள்ல 14ஆவது இடத்துல இருந்தப்ப வெளிய அனுப்பினாங்க. அப்புறம் மொரின்ஹோ, நூனோ, கான்டே, ஆன்ஜ். இடையில தற்காலிகமா மேசனும் ஸ்டெல்லினியும்.

தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க. இப்ப இருக்கிற ஆட்களை வச்சு அவரோட ஆட்டத்தை ஆட முடியுமா? 2019ல எது உடைஞ்சது, அது இன்னைக்குச் சரியாகியிருக்கா? அமெரிக்க தேசிய அணியோட ஒப்பந்தத்துல இருக்கிறவரை எப்படி வெளிய எடுக்கிறது? “அவர் நம்ம ஆளு, வந்தா எல்லாம் சரியாயிடும்” மாதிரி பதில் மட்டும் வேண்டாம்.


நாலு ரெண்டு மூணு ஒண்ணு | 8 ஜூன் 2025

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பொச்செட்டினோவின் 2015-17 அணியில் பந்து நம் காலில் இருக்கும்போது நடுக்கள வீரர் எரிக் டயர் பின்னால் இறங்கி இரண்டு சென்டர்-பேக்குகளுக்கு (நடுப் பாதுகாப்பாளர்கள்) நடுவே நிற்பார். ஆல்டர்வைரெல்டும் வெர்டோங்கனும் இரு பக்கமும் விரிவார்கள். பின்னால் மூன்று பேர் இருக்கிற தைரியத்தில் வாக்கரும் ரோஸும் விங்கர்கள் நிற்கிற உயரத்துக்கு ஏறிவிடுவார்கள். எரிக்சனும் அல்லியும் உள்ளே வந்து கேனுக்குப் பக்கத்தில் ஆடுவார்கள். இப்படி நெருக்கமாக நிற்பதால், பந்து பறிபோன இடத்திலேயே ஐந்தாறு பேர் மொய்த்து அதைத் திரும்பப் பிடுங்க முடிந்தது. அந்த முதல் அழுத்தத்தை எதிரணி தாண்டிவிட்டால் மூசா டெம்பெலே குறுக்கே நிற்பார். பந்தைப் பறிப்பதும் அவர்தான், இரண்டு பேரை உடம்பால் தள்ளிக்கொண்டு அதை நாற்பது கெஜம் மேலே கொண்டுபோவதும் அவர்தான்.

ஆக அந்த ஆட்டம் நின்றது இரண்டின் மேல்: வாக்கர், ரோஸ் மாதிரி வேகமான ஃபுல்பேக்குகள் (ஓரப் பாதுகாப்பாளர்கள்), டெம்பெலே. 2017 கோடையில் வாக்கர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். 2019 ஜனவரியில் டெம்பெலே சீனாவுக்குப் போனார். இரண்டு இடத்துக்கும் அதே தரத்தில் ஆள் வரவில்லை. 2018-19ல் பொச்செட்டினோ நடுக்களத்தை டயமண்ட் வடிவத்துக்கு மாற்றி அடிக்கடி ஆடினார். டயமண்டில் பக்கவாட்டில் ஆளே கிடையாது. முழு ஓரமும் ஃபுல்பேக் ஒருவர் தலையில். டிரிப்பியர் அருமையாகக் கிராஸ் போடுவார், ஆனால் பந்து பறிபோனால் திரும்பி ஓடிப் பிடிக்கிற வேகம் அவருக்கு இல்லை. எதிரணிகள் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்ததும் அணி சரியத் தொடங்கிவிட்டது. 2019 ஜனவரி 20 ஃபுல்ஹாமில் வென்ற பிறகு, வேலை போகிற வரை வெளியூரில் ஒரு லீக் ஆட்டம்கூட அவர் ஜெயிக்கவில்லை. கடைசி 24 லீக் ஆட்டங்களில் 25 பாயின்ட். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆம்ஸ்டர்டாமில் லூகாஸ் மோரா அடித்த மூன்று கோல் இதையெல்லாம் மறைத்துவிட்டது.

இப்போதைய அணியைப் பார்ப்போம். போரோ, உடோகி, ஸ்பென்ஸ் மூவரும் மேலே ஏறக்கூடியவர்கள். மிக்கி வான் டி வென் அளவுக்கு ஓடுகிற சென்டர்-பேக் ஸ்பர்ஸில் பொச்செட்டினோவுக்குக் கிடைத்ததே இல்லை. உயரமான டிஃபன்ஸ் வரிசை வைக்க அவர் ஒருவரே பாதி காப்பீடு. டயர் செய்த வேலையை பென்டன்கூர் செய்யலாம். டெம்பெலே இடத்துக்கு யார்? பந்தோடு ஓடுவதில் பெர்க்வாலிடம் அந்தச் சாயல் இருக்கிறது, ஆனால் வயது 19, உடம்பு இன்னும் இறுகவில்லை. ஸ்ட்ரைக்கர் சொலாங்கி சளைக்காமல் பிரஸ் செய்வார் (எதிரணியை விரட்டி அழுத்துவார்). கேன் மாதிரி கீழே இறங்கி நீளப் பந்து போடமாட்டார். ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடுகிற 10ஆம் எண் இடத்தில் மேடிசன், குலுசெவ்ஸ்கி இருவருக்கும் மே மாதம் முழங்காலில் அடி. குலுசெவ்ஸ்கிக்கு அறுவை சிகிச்சையே ஆகிவிட்டது.

எனக்குப் பெரிய கவலை உடல் சுமைதான். டிசம்பர் 8 செல்சி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய ரொமேரோ சில நிமிடங்களிலேயே வெளியே. அதே மாதிரி திரும்பி வந்த வான் டி வென் இரண்டாம் பாதியில் தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே. 2-0 என்று முன்னால் இருந்த ஆட்டம் 4-3 தோல்வியில் முடிந்தது. அதன் பிறகு 18 வயது மிட்ஃபீல்டர் ஆர்ச்சி கிரே வாரக்கணக்கில் சென்டர்-பேக் ஆடினார். முழுதாகக் குணமாகாத ஹாம்ஸ்ட்ரிங்கோடு (பின்தொடைத் தசை) அதிவேக ஓட்டத்துக்குத் திரும்பினால் இதுதான் நடக்கும். பொச்செட்டினோ முறை இதற்குச் சளைத்ததல்ல. சீசனுக்கு முந்தைய முகாமில் ஒரே நாளில் இரண்டு பயிற்சி, 45 விநாடி ஓட்டம் 15 விநாடி ஓய்வு என்று சுற்றுக்குச் சுற்று தூரம் கூடிக்கொண்டே போகிற காகோன் சோதனை எல்லாம் அவர் முகாமில் வழக்கம். 2014ல் அணி இளசு, அவருக்கு அடித்தளம் போட வாரங்கள் இருந்தன. இந்த முறை சாம்பியன்ஸ் லீக் முதல் கட்டமே 8 ஆட்டம்.

செல்சியில் அவருடைய 2023-24 எப்படி இருந்தது என்றும் பாருங்கள். 77 கோல் அடித்தார்கள், 63 வாங்கினார்கள். கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்று 6ஆவது இடம். இளம் அணியைக் கட்ட இன்றும் அவருக்குத் தெரியும், ஆனால் பின்பக்கம் பூட்டியதாகச் சொல்ல முடியாது. ஸ்பர்ஸ் இந்த சீசன் லீக்கில் வாங்கியது 65. அவரே 2015-16ல் இங்கே வாங்கியது 35.

ஆட்கள் ஏறக்குறையப் பொருந்துகிறார்கள். கால்கள் தாங்குமா என்பதுதான் சந்தேகம்.


வடலண்டன் வாசி | 9 ஜூன் 2025

தம்பி, நீர் கேட்ட இரண்டாவது கேள்வி தான் முக்கியமானது. 2019ல உடைஞ்சது களத்தில இல்லை, ஆள் வாங்கிற மேசையில.

2014 கடைசியில போல் மிட்செல் வந்து ஆள் தெரிவைப் பொறுப்பெடுத்தவர். அந்தக் காலத்தில வந்த ஆக்களைப் பாரும்: 2015 பெப்ரவரியில எம்.கே. டொன்ஸிட்ட இருந்து 5 மில்லியன் பவுணுக்கு டெலி அல்லி. அதே வருசம் கோடையில ஆல்டர்வைரெல்ட், டிரிப்பியர், சன். இந்த நாலு பேரையும் எடுத்துப்போட்டால் 86 பாயின்ட் எங்கயிருந்து வரும்? 2016ல மிட்செல் விலகுறார். அந்தக் கோடை ஜான்சென், என்கூடூ, கடைசி நாளில 30 மில்லியனுக்கு சிசோக்கோ. சிசோக்கோ பிறகு பாடுபட்டு நல்லா விளையாடினவர் எண்டது வேற கதை. ஆனால் அணியின்ர தேவைக்கு எடுத்த ஆள் இல்லை அவர்.

2018 மே மாதம் கடைசி ஆட்டம் முடிய, கழகம் துணிஞ்சு முடிவெடுக்க வேணும் எண்டு பொச்செட்டினோ வெளிப்படையாச் சொன்னவர். பதில் என்ன? அந்தக் கோடை ஒருத்தரும் இல்லை. அடுத்த ஜனவரியும் ஒருத்தரும் இல்லை. கோடைச் சந்தையில ஒரு ஆளைக்கூட எடுக்காத முதல் பிரீமியர் லீக் கழகம் நாங்கள் தான். புது மைதானச் செலவு எண்டு சொல்லிச்சினம். அந்த மைதானமும் 2019 ஏப்ரல் 3 வரைக்கும் திறபடேல்லை, வெம்பிளியில குடியிருந்தது தான் மிச்சம். 2019 கோடையில என்டொம்பெலே, செசென்யோன், லோ செல்சோ எண்டு ஒரேயடியா எடுத்தவை. அதுக்கிடையில எரிக்சன், ஆல்டர்வைரெல்ட், வெர்டோங்கன் மூண்டு பேரின்ர ஒப்பந்தமும் கடைசி வருசத்தில. போக மனம் வைச்ச ஆக்களும் புதுசா வந்து மூச்சு வாங்கிற ஆக்களும் ஒரே அறையில. கொல்செஸ்டரோட பெனால்டியில தோல்வி, பயர்னோட 7-2, பிரைட்டனோட 3-0, எல்லாம் பன்னிரண்டு நாளுக்குள்ள நடந்தது.

இன்னொண்டு கவனிச்சனீரோ தெரியாது. 2014ல அவரின்ர பதவி ‘ஹெட் கோச்’. 2016 ஒப்பந்தத்தில ‘மனேஜர்’ எண்டு மாத்தினவை. 2019 கோடையில, ஆள் வாங்கிறது விக்கிறது தன்ர கையில இல்லை, பதவிப் பேரைத் திரும்ப மாத்துங்கோ எண்டு அவரே செய்தியாளர்களிட்ட சொன்னவர். அண்டைக்கே கதை முடிஞ்சுது.

இண்டைக்கு என்ன மாறியிருக்கு? டானியல் லெவி அதே கதிரையில தான் இருக்கிறார். தொழில்நுட்பப் பணிப்பாளரா யோஹான் லாங்க இருக்கிறார். முந்தி ஆர்சனலில இருந்த வினய் வெங்கடேஷம் தலைமை நிர்வாகியா வாறார். ஆரின்ர சொல்லுக்கு ஆள் வாங்கிறது எண்டது இன்னும் தெளிவில்லை. அதைத் தெளிவாக்காமல் பொச்செட்டினோவைக் கொண்டு வந்தால் 2019ன்ர இரண்டாம் பாகம் தான். என்னைக் கேட்டால், அவரைத் தேடுறதை விட மிட்செல் மாதிரி ஒரு ஆளைத் தேடுங்கோ எண்டுவன்.


ஆஃப்சைட் அண்ணாச்சி | 9 ஜூன் 2025

மேல ரெண்டு பேரும் சொன்னதுல தகவல் பிழை ஒண்ணும் கிடையாது. ஆனா முடிவுதான் இடிக்குது. பழைய ஆளைக் கூப்பிட்டாலே ஊத்திக்கும்னு ஒரு எண்ணம் ஓடுதுல்லா, அது சரியில்ல.

ரியல் மாட்ரிட் 2015ல அன்செலோட்டியை அனுப்பிச்சு, 2021ல திரும்பக் கூப்பிட்டுச்சு. ரெண்டு லா லிகா, ரெண்டு சாம்பியன்ஸ் லீக். பயர்ன் ஹெய்ங்கஸை நாலு தடவை வச்சிருக்கு. 2013ல லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூணு கோப்பையும் அவரு கையிலதான் வந்துச்சு. வெஸ்ட் ஹாம் மோயஸை 2018ல ஒப்பந்தத்தைக்கூட நீட்டாம விட்டுச்சு. 2019 டிசம்பர்ல அதே ஆளைக் கூப்பிட்டு, 2023ல கான்ஃபரன்ஸ் லீக்கை ஜெயிச்சுச்சு. இந்த ஜனவரியில எவர்ட்டன் அதே மோயஸைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. 16ல கிடந்த அணி 13ல முடிச்சிருக்கு.

ஊத்திக்கிட்டதும் இருக்கு, மறைக்கல. அலெக்ரி யுவென்டஸ்ல முதல் தடவை அஞ்சு வருஷம், அஞ்சு லீக். ரெண்டாவது தடவை மூணு வருஷத்துல ஒரே ஒரு இத்தாலியக் கோப்பை. கெவின் கீகன் 2008 ஜனவரியில நியூகாசிலுக்குத் திரும்பி வந்து செப்டம்பர்ல கிளம்பிட்டாரு. அவரு கேக்காத ஆளை அவரு தலைக்கு மேல உக்காந்து வாங்கினாங்க. கடைசியில தீர்ப்பாயம் போயி 20 லட்சம் பவுண்டு நஷ்டஈடு வாங்கினாரு. இது வடலண்டன்காரர் சொல்லுத கதையேதான், அதுல அவரு சொல்லுதது நூத்துக்கு நூறு.

ஆனா இந்த ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஜெயிச்சவங்கள்ல அன்செலோட்டி திரும்பி வரும்போது அணி நிறைய மாறியிருந்துச்சு. அவரு முதல்ல விட்டுட்டுப் போனது ரொனால்டோ, பேல், பென்சிமா. ரெண்டாவது வந்தப்ப பென்சிமா இருந்தாரு, ஆனா கூட ஆடினது வினீசியஸ், வால்வெர்டே, ரோட்ரிகோ. பழைய கணக்கு, பழைய மனஸ்தாபம் ஒண்ணும் கிடையாது. ஸ்பர்ஸ்லயும் இப்ப அப்படித்தான். பொச்செட்டினோ காலத்து ஆளுன்னு மிஞ்சினது சன்னும் பென் டேவிஸும். சன்னுக்கு அடுத்த மாசம் 33. ஆக 2019ல களைச்சுப்போன அந்த அறை இன்னைக்கு இல்லவே இல்ல. மத்தவங்க எல்லாருக்கும் அவரு புது கோச்சுதான்.

நான் கூப்பிடலாம்னுதான் சொல்லுதேன். அஞ்சு வருஷம்னு கனவு காணாம, ரெண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு. மொரின்ஹோ செல்சிக்கு 2013ல திரும்பினாரு, ரெண்டாவது வருஷம் லீக்கும் லீக் கோப்பையும் வாங்கினாரு, மூணாவது வருஷம் டிசம்பர்ல 16ஆவது இடத்துல வச்சு வெளிய அனுப்பினாங்க. ரெண்டு வருஷத்தோட நிறுத்தியிருந்தா சிலை வச்சிருப்பாங்க.


மெரினா கார்னர் கிக் | 9 ஜூன் 2025

அண்ணாச்சி, நீங்க ஐரோப்பாவையே சுத்தறீங்க. நம்ம சென்னையின் எஃப்சி இதை அப்படியே பண்ணிப் பாத்துடுச்சே.

2019 டிசம்பர்ல ஜான் கிரிகரிக்கு அப்புறம் ஓவன் கோய்ல் வந்தாரு. அப்ப அணி டேபிள் அடியில. அங்கேருந்து தூக்கி 2020 மார்ச் ஃபைனல் வரைக்கும் கொண்டு போயிட்டாரு. ஏடிகேகிட்ட 3-1 தோல்வி. அடுத்த சீசனே ஜாம்ஷெட்பூர் போயிட்டாரு, 2021-22ல அவங்களுக்கு லீக் ஷீல்டு (லீக்ல முதலிடத்துக்குத் தர்றது) வாங்கிக் கொடுத்தாரு. இங்க லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச்னு மூணு பேர், மூணு சீசனும் 8ஆவது இடம். 2023ல கோய்லைத் திரும்பக் கூப்பிட்டாங்க. முதல் சீசன் 6ஆவது இடம், பிளே-ஆஃப்ல கோவாகிட்ட 2-1. இந்த சீசன் 13 அணியில 11.

காரணம் என்னன்னா, 2019-20ல அந்த அணியோட ஓட்டமே வால்ஸ்கிஸ் 15 கோல், கிரிவெல்லாரோ போடற பாஸ், ஷெம்ப்ரி, சாங்டே இவங்கதான். 2023ல கோய்லும் வந்தாரு, கிரிவெல்லாரோவும் திரும்ப வந்தாரு, வால்ஸ்கிஸ் மாதிரி கோல் அடிக்கிற ஆள் வரல. வேகமா மேல ஏறி ஆடற ஆட்டத்துல முன்னாடி முடிக்கிற ஆள் இல்லன்னா, நீங்க ஏறின இடமெல்லாம் எதிரிக்குக் காலி இடம். ஐஎஸ்எல்ல (இந்தியன் சூப்பர் லீக்) வெளிநாட்டு ஆள் களத்துல நாலு பேருக்கு மேல கூடாது. அதுல ஒரு தேர்வு தப்பினாலே சீசன் போச்சு.

கேன் இல்லாத பொச்செட்டினோவை யோசிக்கறப்போ எனக்கு இதுதான் தோணுது. அவர் இருந்த அஞ்சு வருஷத்துல கேன் ரெண்டு தடவை லீக்ல அதிக கோல் அடிச்ச ஆள்.


வெள்ளை அல்லி | 10 ஜூன் 2025

எல்லாருக்கும் நன்றி. மூணாவது கேள்வியை இன்னும் யாரும் தொடலையே. பணம், ஒப்பந்தம், நாள் கணக்கு தெரிஞ்சவங்க?


கணக்குப்பிள்ளை | 10 ஜூன் 2025

பணம் இங்கே தடையே இல்லை. பிரீமியர் லீக் விதிப்படி மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 105 மில்லியன் பவுண்டு நஷ்டம் காட்டலாம். ஆன்ஜுக்குக் கொடுக்கிற இழப்பீடும், புதிய கோச்சுக்காகக் கொடுக்கிற தொகையும் அந்தக் கணக்கில் ஏறும். ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமான யூஈஎஃப்ஏவின், வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அணிக்குச் செலவழிக்கக் கூடாது என்கிற விதியில் ஆட்டக்காரர் சம்பளத்தோடு தலைமைக் கோச்சின் சம்பளமும் சேரும். ஆனால் ஸ்பர்ஸின் மொத்தச் சம்பளச் செலவு வருமானத்தில் பாதியைக்கூடத் தொடுவதில்லை, ஆகவே இரண்டு விதியும் கடிக்காது.

சிக்கல் ஒப்பந்தத்தில். 2024 செப்டம்பரில் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் பொச்செட்டினோவை 2026 உலகக் கோப்பை வரை எடுத்தது. அந்தச் சம்பளத்துக்குக் கென் கிரிஃபின் போன்ற செல்வந்தர்கள் நன்கொடையே கொடுத்திருக்கிறார்கள். போட்டியைத் தன் மண்ணில் நடத்தப்போகிற சம்மேளனம், ஒரு வருடம் இருக்கும்போது கோச்சை விடுமா? விடச் சொல்லி முதலில் கழகம்தான் சம்மேளனத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அதைத் தாண்டி அவரிடம் நேராகப் பேச்சு நடத்தினால் வழக்கு வரலாம். அனுமதி கிடைத்தாலும் அவர் ஒருவரோடு முடியாது. உதவியாளர் ஹெசுஸ் பெரெஸ், மிகெல் டகொஸ்டினோ, கோல்கீப்பர் கோச் டோனி ஹிமெனெஸ் எல்லாரையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி நாள்காட்டி. அமெரிக்க அணி ஆடுகிற கோல்டு கப் (வட அமெரிக்க நாடுகளின் போட்டி) ஜூன் 14 தொடங்கி ஜூலை 6 வரை. நடுவில் கிளம்ப முடியாது. ஸ்பர்ஸுக்கு ஜூலை 31 ஹாங்காங்கில் ஆர்சனலோடு ஆட்டம், ஆகஸ்ட் 3 சியோலில் நியூகாசில், ஆகஸ்ட் 13 உடினேயில் பிஎஸ்ஜியோடு சூப்பர் கப், அந்த வாரக் கடைசியில் லீக் தொடக்கம். அமெரிக்கா ஃபைனல் வரை போனால் அவர் கையில் 38 நாள், அதில் ஆசியப் பயணம் வேறு. மேலே ஒருவர் சொன்ன கடினப் பயிற்சி முறைக்கு இது போதவே போதாது. ஜூன் 16 டிரான்ஸ்ஃபர் சந்தை திரும்பத் திறக்கிறது. மாத்திஸ் டெல்லை லோனிலிருந்து நிரந்தரமாக வாங்குவதா, சன்னை விற்பதா என்று இந்த மாதமே முடிவெடுக்க வேண்டும். கோச் இல்லாமல் அந்த முடிவுகளை எடுத்தால், வருகிற ஆள் தான் தேர்ந்தெடுக்காத அணியோடு தொடங்குவார்.


ஆஃப்சைட் அண்ணாச்சி | 11 ஜூன் 2025

நேத்து ராத்திரி சுவிட்சர்லாந்துகிட்ட முதல் பாதியிலேயே 4 கோல் வாங்கியிருக்கு அமெரிக்கா. அதுக்கு மூணு நாள் முன்னாடி துருக்கிகிட்ட 2-1. மார்ச்ல நேஷன்ஸ் லீக்ல பனாமா, கனடா ரெண்டு பேருகிட்டயும் தோல்வி. முன்னணி ஆளுங்க நிறைய பேரு இந்த முகாமுக்கு வரல, அது உண்மை. இருந்தாலும் அவங்களே விட்டுருவாங்களோன்னு ஒரு சின்ன ஆசை.

சரி, கணக்குப்பிள்ளை சொன்னதுக்கப்புறம் நான் இறங்கி வாறேன். இந்தக் கோடைக்கு இல்ல. இப்ப எடுக்கிற ஆளோட ஒப்பந்தத்துல, 2026 கோடையில குறைஞ்ச தொகைக்குப் பிரிஞ்சுக்கலாம்னு ஒரு வரி போட்டு வைக்கலாம்லா?


வடலண்டன் வாசி | 11 ஜூன் 2025

அண்ணை, அப்பிடி ஒரு வரி இருக்கெண்டு வெளியில தெரிஞ்சால் புது ஆளின்ர கதை அடுத்த கிழமையே முடிஞ்சுது. மூண்டு தோல்வி வந்தால் மைதானம் முழுக்க பொச்செட்டினோ பேரைத் தான் பாடும். ஆட்டக்காரரும் அதைக் கேப்பினம்.


நாலு ரெண்டு மூணு ஒண்ணு | 11 ஜூன் 2025

இப்போது அடிபடுகிற பெயர் பிரென்ட்ஃபோர்டின் தாமஸ் ஃப்ராங்க். கவர்ச்சி இல்லாத பெயர்தான். ஆனால் 2018லிருந்து ஒரே கழகத்தில் தலைமைக் கோச்சாக இருந்து, 2021ல் அதைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றி, இந்த சீசன் 56 பாயின்டோடு 10ஆவது இடம் பிடித்தவர். எதிரணியைப் பார்த்து பின்னால் நான்கு பேரா ஐந்து பேரா என்று மாற்றிக்கொள்வார். அந்தப் பழக்கம் ஆன்ஜிடம் பில்பாவோ வருகிற வரை இல்லை. கார்னர், நீளத் த்ரோ-இன் எல்லாவற்றுக்கும் தனியாக உழைக்கிற அணி அது. கிக்-ஆஃபுக்குக்கூடத் திட்டம் வைத்திருந்தார்கள். செப்டம்பரில் சிட்டி, ஸ்பர்ஸ், வெஸ்ட் ஹாம் என்று அடுத்தடுத்து மூன்று ஆட்டத்திலும் முதல் நிமிடத்திலேயே கோல். நம் மைதானத்தில் எம்பியூமோ அடித்தபோது கடிகாரத்தில் 23 விநாடி. நம்மாட்களில் பாதிப் பேர் பந்தைத் தொட்டிருக்கக்கூட மாட்டார்கள்.